தாய்ப்பத்திரம்

2022 ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. தென்காசியில் எங்கள் பழைய வீட்டை விற்றுத்தர வந்த ஏஜென்ட், நனைந்த குடையை மடக்கித் திண்ணைத் தூணில் சாய்த்துவிட்டு, காபி வருவதற்குள் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"தாய்ப்பத்திரம் இருக்கா டீச்சர்?"

"பேசி முடிக்க ஆம்பளையாள் யாரு வருதாங்க?"

முதல் கேள்விக்கு அம்மா உள்ளேயிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பா முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். தம்பி சென்னையில் இருந்தான். வீட்டில் இருந்தது அம்மாவும் நானும்தான்.

வீடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் தாய்ப்பத்திரம் என்று சொல்வது, கைமாறி வந்த ஒரு சொத்தின் முந்தைய பத்திரத்தை. இன்றைய உரிமை எந்தப் பத்திரத்திலிருந்து பிறந்ததோ அது தாய். மூலப்பத்திரம் என்றும் சொல்வதுண்டு. எங்கள் பெட்டியில் இருந்த தாய், தாத்தா 1951-இல் வாங்கிய கிரையப் பத்திரம். விற்றவர் ஆண், வாங்கியவர் ஆண், எழுதியவர் ஆண், சாட்சிகள் இருவரும் ஆண்கள். நான்கு எல்லைகளிலும் பக்கத்து வீட்டு ஆண்களின் பெயர்கள். தாயின் பெயர் ஒன்றுகூட இல்லாத அந்தக் காகிதத்தைத்தான் இத்தனை காலமும் தாய் என்று அழைத்துவந்திருக்கிறோம்.

பெட்டியின் அடியில் இன்னொரு பத்திரம் கிடந்தது. 1993-இல் எழுதியது. அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பத்திரத்தின் தலைப்பு: விடுதலைப் பத்திரம். பிறந்த வீட்டில் தனக்குள்ள பாத்தியத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாக அத்தை எழுதிக்கொடுத்த பத்திரம் அது. எங்கள் வீட்டின் பத்திரங்களில் ஒரு பெண் முதன்முதலாக நுழைந்தது, வெளியேறுவதற்காகத்தான்.

ஏஜென்ட் அதைப் புரட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். "நல்லவேளை, அப்பா அன்னிக்கே கிளியர் பண்ணி வச்சிருக்காங்க. இல்லேன்னா இப்ப வில்லங்கம்லா?"

வில்லங்கம் என்ற அந்தச் சொல் என்னை உறுத்தியது. பதிவுத்துறை தரும் வில்லங்கச் சான்றிதழில் அடமானம் இருக்கும், ஒத்தி இருக்கும், நீதிமன்றத் தடை இருக்கும். பேச்சுவழக்கில் அந்தப் பட்டியலோடு ஒரு மகளும் சேர்ந்துகொள்கிறாள். வீட்டில் பிறந்தவள், விற்கும்போது வில்லங்கம்.

அவருடைய இரண்டாவது கேள்விக்கும் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்கள் நிலம் விற்பதையும் கொடுப்பதையும் காணலாம். ஆனால் பிராமணப் பெண்கள் நிலம் விற்கும் இடங்களில் அவர்களுடைய பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆணும் நிற்பான். முதுகண் என்று அவனுக்குப் பெயர். கணவனோ, மகனோ, உடன்பிறந்தானோ, சட்டத்தின் பார்வையில் அவளுக்காக நிற்பவன். தேவரடியார்கள் தங்கள் பெயரிலேயே நிலமும் பொன்னும் கொடுத்த கல்வெட்டுகளும் ஏராளம். குடும்பத்துக்கு வெளியே நின்றவளுக்குத் தன் பெயர் போதுமானதாக இருந்தது. குடும்பத்துக்குள் இருந்தவளுக்கு ஒரு முதுகண் தேவைப்பட்டான். வகுப்பில் கல்வெட்டுப் பாடம் நடத்தும்போது இந்தச் சொல்லைப் பழைய வழக்கென்று சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். அன்றைக்கு அது எங்கள் திண்ணையில் காபிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பழைய காலத்தில் மகளுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் செலவுக்கென்று பெற்றவர்கள் எழுதிவைக்கும் மஞ்சக்காணி இருந்தது. ஆனால் அது தகப்பன் மனமுவந்து கொடுப்பது, மகள் கேட்டு வாங்குவதல்ல. காணியில் மஞ்சக்காணி உண்டு. மஞ்சள் வீடு என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை.

கணவனை இழந்த இந்துப் பெண்ணின் நிலை இன்னும் சிக்கலானது. அவள் கைக்கு வரும் சொத்தை அவள் அனுபவிக்கலாம். தகுந்த அவசியம் இருந்தாலொழிய விற்க முடியாது. அவள் காலத்துக்குப் பிறகு அது கணவன் வழி வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். அவள் விற்றிருந்தாலும், அவசியமில்லாமல் விற்றாள் என்று அவர்கள் பின்னாளில் வழக்குப் போடலாம். பணம் கொடுத்து வாங்குகிறவன் இப்படிப்பட்டவளிடம் ஏன் வாங்கப்போகிறான்? 'தாலியறுத்தவ சொத்து தங்காது' என்று ஆச்சி சொல்வாள். சாபம்போல ஒலிக்கும் அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு சட்ட ஆலோசனை இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றாகத்தான் திறந்தன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937-இல் வந்த மத்தியச் சட்டம் விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு தந்தது, ஆனால் அவள் ஆயுள்வரை மட்டும். மகளை அது கண்டுகொள்ளவில்லை. 1951 செப்டம்பரில் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். இந்து சட்ட மசோதா கிடப்பில் போடப்பட்டது அதற்கு முக்கியக் காரணம். தாத்தா எங்கள் வீட்டை வாங்கியதும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அந்தப் பத்திரத்தின் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பெண் கையில் இருக்கும் சொத்து அவளுக்கே முழு உரிமை என்றது அதன் 14ஆம் பிரிவு. உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. இந்தக் கணக்கை எங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. 1974-இல் உயில் எழுதாமல் இறந்தார். ஆச்சி, அப்பா, அத்தை மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. 1991-இல் ஆச்சி இறந்ததும் அவள் பங்கு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. ஆக, 1991-இலிருந்து வீட்டில் பாதி அத்தையுடையது. நாங்கள் தூங்கியதும் தின்றதும் படித்ததும் பாதி அத்தை வீட்டில். அது எங்களில் யாருக்கும் தெரியாது. அத்தைக்கும் தெரியாது.

தெரிந்திருந்தாலும் அவளால் கேட்டிருக்க முடியாது. அதே 1956 சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, பெண் வாரிசு பாகம் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. மகள் அந்த வீட்டில் தங்க வேண்டுமானால் ஒன்று கல்யாணமாகாதவளாக இருக்க வேண்டும், அல்லது கணவன் கைவிட்டவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, கணவனை இழந்தவளாகவோ இருக்க வேண்டும். வாழ்கிற மகளுக்கு வீட்டில் இடமில்லை, வாழ்க்கை போனவளுக்கு உண்டு. வயலில் பங்கு கேட்கலாம், நகையில் கேட்கலாம், வங்கிப் பணத்தில் கேட்கலாம். பிறந்து வளர்ந்த வீட்டின் கதவை மட்டும் தட்டக் கூடாது. அந்தப் பிரிவு நீக்கப்பட்டது 2005-இல். வீட்டுக் கதவு திறக்க 49 ஆண்டுகள் ஆயின.

இடையில் 1989-இல் தமிழ்நாடு ஒரு பெரிய காரியம் செய்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு 60 ஆண்டுகள் கழித்து, கலைஞர் ஆட்சியில், பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பிறப்புரிமை என்று சட்டம் திருத்தப்பட்டது. 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான மகள்களுக்கு இது பொருந்தாது என்ற வரம்பும் கூடவே வந்தது. ஒரே வீட்டில் தைமாதம் கல்யாணமான அக்காளுக்கு இல்லை, ஆவணியில் கல்யாணமான தங்கைக்கு உண்டு.

அந்த வரம்பு பூர்வீகச் சொத்துக்கு மட்டுமானது. தகப்பனின் சுயசம்பாத்தியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊரில் பரவியதோ வேறு மாதிரி: '89க்கு முந்திக் கல்யாணம் ஆனவளுக்கு ஒண்ணும் கிடையாது.' 1993-இல் அத்தையிடமும் இதைத்தான் சொன்னார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆனது 1968-இல். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க அப்பா முயன்றபோது, பத்திரம் எழுதுகிறவர் சொன்னாராம்: "சட்டப்படி அவங்களுக்குப் பங்கு கிடையாது. இருந்தாலும் ஒரு விடுதலை வாங்கி வச்சிக்கிடுவோம்." பங்கே இல்லாதவளிடம் எதற்கு விடுதலை வாங்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அவர் கெட்டவரல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செங்கோட்டைக்குத் தவறாமல் சீர் கொண்டுபோனவர். அந்தச் சீர்தான் பங்கு என்று உண்மையாகவே நம்பியவர்.

பெண்கள் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள்? ஏமாளிகள் என்பதால் அல்ல. அவர்களும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். நாளைக்குப் புருஷன் வீட்டில் ஏதாவது என்றால் போய் நிற்க அண்ணன் வாசல் வேண்டும். பிள்ளைகளுக்குக் காது குத்த தாய்மாமன் மடி வேண்டும். பங்கைக் கேட்டால் வாசல் போகும். அதனால் பங்கைக் கொடுத்து வாசலை வாங்குகிறார்கள். பத்திரத்தில் எழுதாத கிரையம் அது.

அந்த வாசல் எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. தன் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். வீடு மட்டும் இருந்தவர்களில் 10 விழுக்காடு. இரண்டும் இருந்தவர்களில் 7 விழுக்காடு. போக ஓர் இடம் இருக்கிறவள்மீது கை ஓங்கத் தயங்குகிறார்கள். அண்ணன் வீடு அப்படிப்பட்ட இடமல்ல. அங்கே போக அனுமதி வேண்டும்.

மேரி ராயின் கதையும் ஒரு வீட்டிலிருந்துதான் தொடங்கியது. கணவனைப் பிரிந்து, குழந்தைகளோடு ஊட்டியில் தன் தகப்பனாரின் வீட்டில் வந்து தங்கியவரை வெளியேறச் சொன்னார்கள். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு, மகனின் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1986-இல் வென்றார். நமக்கு அருகிலும் ஒரு வழக்கு உண்டு. மாரப்பக் கவுண்டர் என்பவர் 1938-இல் ஏலத்தில் எடுத்த சொத்து, அவர் இறந்தபின் ஒரே மகள் குப்பாயி அம்மாளுக்கா, அவருடைய தம்பி மகனுக்கா என்ற கேள்வி. 1994-இல் விசாரணை நீதிமன்றமும் 2009-இல் உயர்நீதிமன்றமும் மகளின் உரிமையை ஏற்கவில்லை. 1956-க்கு முன் தகப்பன் இறந்திருந்தாலும் அவருடைய சுயசம்பாத்தியம் மகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 ஜனவரியில். குப்பாயி அம்மாள் 1967-லேயே இறந்துபோயிருந்தார்.

தீர்ப்பு வந்த அதே ஆண்டில்தான் எங்கள் திண்ணையில் பேச்சு நடந்தது. ஏஜென்டின் யோசனை எளிமையானது. "அம்மாவும் நீங்களும் தம்பிக்கு ஒரு விடுதலை எழுதிக் குடுத்துருங்க. பார்ட்டி ஒரே ஆள்ட்ட பேசிக்கிடும். செலவும் ஒண்ணும் பெரிசா ஆவாது."

செலவைப் பற்றி அவர் சொன்னது சரிதான். கிரையம் என்றால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு இல்லை, மதிப்பு ஏற ஏற அதுவும் ஏறும். குடும்பத்துக்குள் விடுதலை என்றால் 1 விழுக்காடு, அதிகபட்சம் 25,000 ரூபாய். 2023-இல் அதை 40,000 ஆக்கினார்கள். அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போனாலும் இதே சலுகைதான். ஆனால் நான் கேட்ட விடுதலைப் பத்திரங்கள் எல்லாம் ஒரே திசையில்தான் போயின. 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. மிகுந்தால் 10,000 ரூபாய் மிச்சம். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் பெண் வாங்கும் வீட்டுக்குச் சலுகை தருவதற்கு முன்னால், அவள் பிறந்த வீட்டிலிருந்து எப்படி வெளியேறினாள் என்பதையும் அந்த மேசையில் யாராவது கேட்க வேண்டும். எழுதிக்கொடுத்தது நீதானா என்றுதான் பதிவாளர் கேட்கிறார். எழுதியிருப்பது என்னவென்று தெரியுமா என்று கேட்பதில்லை.

நான் விடுதலை எழுத மறுத்தேன். விற்கிறவர்களாக மூன்று பேரும் கையெழுத்துப் போடுவோம் என்றேன். அம்மா என் பக்கம் நின்றாள். பிறகு அத்தையின் பாதியைப் பற்றித் தம்பியிடம் பேசினேன். "அது முடிஞ்சுபோன கதை அக்கா, சட்டப்படி அவங்க எழுதிக் குடுத்தாச்சு" என்றான். அவன் சொன்னது சட்டப்படி சரி. 2005 திருத்தம் பழைய பத்திரங்களைத் தொடுவதில்லை. அம்மாவும் நானும் எங்கள் பங்கில் பாதியை அத்தைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். தம்பி எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

பணத்தைச் சொல்ல செங்கோட்டைக்குப் போனபோது 1993 பத்திரத்தையும் எடுத்துப்போனேன். அத்தை மறுப்பாள், கண்ணீர் விடுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏட்டி, அன்னிக்கு அதுல என்ன எழுதியிருந்தான்னு வாசி" என்றாள்.

வாசித்தேன். சீர்வரிசையாக முன்னமே பெற்றுக்கொண்டதையும், மனப்பூர்வமாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதிக்கொடுப்பதையும், இனி தனக்கும் தன் வாரிசுகளுக்கும் எந்தப் பாத்தியமும் இல்லை என்பதையும் வாசித்தேன்.

"தலைப்பு என்ன சொன்ன?"

"விடுதலைப் பத்திரம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஒரு சீலை எடுத்துக் குடுத்தான் அண்ணன். ஆபீஸ்லருந்து வரும்போது பஸ் ஸ்டாண்டுல காபி வாங்கிக் குடுத்தான். பாவம், அவனுக்கும் கடன்" என்றாள். பிறகு, "பணத்த எப்பம் தருவிய? தபாலாபீஸ்ல போட்டுக்கிடுதேன்" என்றாள்.

விற்ற பணத்தில் என் பங்கோடு வங்கிக் கடனும் சேர்த்து மேலகரத்தில் ஒரு சிறிய வீடு வாங்கினேன். அதே ஏஜென்ட்தான் காட்டினார். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. அந்த நூலில் குறத்தி குற்றால மலையைத் தன் மலையென்று பெருமை பேசுவாள். அந்தப் பாட்டுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். மலையைச் சொந்தம் கொண்டாடியவள் குறத்தி. நிலத்தைப் பெற்றவர் கவிராயர். இதைச் சொன்னபோது ஏஜென்ட் சிரித்தார். "நீங்க ஒரு இடம் விடமாட்டிய டீச்சர்." பிறகு அவராகவே, தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்று சென்ட் எழுதிவைத்திருப்பதாகச் சொன்னார்.

கிரையப் பத்திரம் தயாராகும்போது, "ஸார் பேரையும் சேர்த்துருவோமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. கடன் என் சம்பளத்துல போகுது."

பால் காய்ச்சிய அன்று அத்தை செங்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். எல்லோரும் சாப்பிட்டுப் போனபின், பத்திரத்தைக் கேட்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். முதல் பக்கத்தில் வாங்குகிறவர் பெயர் வரும் இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி என் பெயரை வாசித்தாள். அதற்கு மேல் ஒன்றும் வாசிக்கவில்லை. பத்திரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "தகரப் பெட்டியில வைக்காத, எறும்பு ஏறும்" என்றாள்.